வீட்டிலேயே ஆலிவ் எண்ணெய் சோப்பு: அளவிடுவதிலிருந்து உலர்த்துவது வரை முழுமையான வழிகாட்டி

ஆலிவ் எண்ணெய் மட்டும் கொண்டு செய்யும் சோப்புக்கு எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர் ஆகிய மூன்று பொருள்களே போதும். பட்டியல் இவ்வளவு சிறியதாக இருப்பதால் வேலையும் எளிதாக முடிந்துவிடும் என்று நம்பித் தொடங்குபவர்கள் நடுவழியில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆலிவ் எண்ணெயின் இயல்பே மெதுவானது. கலக்கும்போது மெதுவாகக் கெட்டிப்படும், அச்சில் மெதுவாக இறுகும், உலர்வதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இதை அறியாதவர்கள் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவைச் சேர்க்கிறார்கள் அல்லது பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுகிறார்கள். நன்றாக வந்திருக்க வேண்டிய சோப்பு அந்த இடத்தில்தான் கெடுகிறது.

இயற்கையான சோப்பில் காஸ்டிக் சோடா எதற்கு என்ற கேள்வியும் தவறாமல் வரும். எண்ணெயும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் வினைபுரிந்து உருவாகும் பொருளுக்குத்தான் சோப்பு என்று பெயர். காரம் இல்லாமல் செய்யலாம் என்று காட்டப்படும் முறைகளில், வேறொருவர் ஏற்கெனவே காரம் சேர்த்துச் செய்த சோப்புக் கட்டி உருக்கப்படுகிறது, அவ்வளவே. அளவு சரியாக இருந்தால் காஸ்டிக் சோடா முழுவதும் வினையில் தீர்ந்துபோய், சோப்பும் கிளிசரினும் மிஞ்சிய எண்ணெயும் மட்டுமே கட்டியில் இருக்கும். ஆகவே அளவுதான் இந்த வேலையின் அடித்தளம்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

முதல் தேவை, ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் எலக்ட்ரானிக் தராசு. அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

எண்ணெய் கலக்க ஆழமான எவர்சில்வர் பாத்திரமும், காரக் கரைசலுக்குத் தடித்த பாலிபுரோப்பிலீன் குவளையும் தேவை. அந்தக் குவளையின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். அலுமினியப் பாத்திரம் எந்தக் கட்டத்திலும் கூடாது. காரம் அதை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரங்களும் தாமிரப் பாத்திரங்களும் ஏற்றவையல்ல. வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குவளை போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். காரம் கண்ணாடியை ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக அரிப்பதால், ஒருநாள் சூடான கரைசலோடு அது விரிசல்விட்டு உடையக்கூடும்.

இவற்றோடு கைப்பிடி பிளெண்டர், சிலிகான் கரண்டிகள், தெர்மாமீட்டர், பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டி அல்லது சிலிகான் அச்சு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பக்கங்களிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கால் மூடிய செருப்பு ஆகியவை கட்டாயம். சோப்புக்குப் பயன்படுத்திய பாத்திரங்களை மீண்டும் சமையலுக்குக் கொண்டுசெல்லாமல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. தூய்மை குறிப்பிடப்பட்ட, வேறெதுவும் கலக்காத குருணையையோ செதிலையோ வாங்குங்கள். கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்க விற்கப்படும் பொடிகளில் சிலவற்றில் அலுமினியத் துணுக்குகளும் வேறு உப்புகளும் கலந்திருக்கும். காஸ்டிக் சோடா காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படிக் கட்டியாகிப் போனதை எடை போட்டால் அந்த எடையில் ஒரு பகுதி தண்ணீராகவே இருக்கும் என்பதால், டப்பாவை எப்போதும் இறுக மூடி வைக்க வேண்டும்.

எண்ணெயைப் பொறுத்தவரை மிக உயர்ந்த வகை தேவையில்லை. சுத்திகரித்த ஆலிவ் எண்ணெயும் பிண்ணாக்கிலிருந்து எடுக்கப்படும் ஆலிவ் எண்ணெயும் நல்ல சோப்பைத் தரும். பின்னது சற்று விரைவாகவே கெட்டிப்படும். முதல் பிழிவு எண்ணெயின் பச்சை நிறம் உலரும்போது மங்கி, தந்த நிறத்துக்கு வந்துவிடும். எந்த வகையானாலும் வேறு எண்ணெய் கலக்காததாக இருக்க வேண்டும். கலப்பிருந்தால் கீழே வரும் கணக்கு பொருந்தாது.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். கடின நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிபோன்ற படிவை உண்டாக்கும். இரும்பு போன்ற உலோகங்களோ கட்டி விரைவில் சிக்கெடுத்துப் போக, அதாவது எண்ணெய் கெட்டு வாடை அடிக்க, காரணமாகும்.

2. அளவைக் கணக்கிடுதல்

ஒரு கிராம் ஆலிவ் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 0.134 கிராம் காஸ்டிக் சோடா தேவை. அதன்படி 1000 கிராம் எண்ணெய்க்கு 134 கிராம் ஆகும். நாம் அதில் 5 விழுக்காட்டைக் குறைத்து 127 கிராம் மட்டுமே எடுக்கிறோம். இதனால் எண்ணெயில் ஒரு சிறு பகுதி வினைபுரியாமல் மிஞ்சும். தோலுக்கு மென்மை தருவது அந்த மிச்சம்தான். எடை போடுவதில் நேரும் சிறு பிழைகளைத் தாங்கிக்கொள்வதும் அதுவே.

இந்த வழிகாட்டி முழுவதற்குமான அளவு: ஆலிவ் எண்ணெய் 1000 கிராம், காஸ்டிக் சோடா 127 கிராம், தண்ணீர் 230 கிராம். மூன்றையும் எடையாகவே அளக்க வேண்டும், தண்ணீரைக்கூட.

எடைக்குப் பதில் கொள்ளளவில் அளப்பதுதான் நான் மிக அதிகமாகக் கண்ட பிழை. ஒரு லிட்டர் என்பதும் ஒரு கிலோ என்பதும் ஒன்றே என்ற எண்ணத்தில் ஒரு லிட்டர் எண்ணெயை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். ஆலிவ் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 915 கிராம்தான். அந்த 915 கிராமுக்கு முழு வினைக்கே சுமார் 122.6 கிராம் காஸ்டிக் சோடா போதுமானது. அதில் 127 கிராம் சேர்ந்தால் பாதுகாப்புக்காக விட்ட 5 விழுக்காடு முழுவதும் கரைந்து, அதற்கு மேலும் நான்கு கிராமுக்கு அதிகமான காரம் வினைபுரிய எண்ணெயின்றிக் கட்டியில் தங்கிவிடும். பார்வைக்கு அந்தச் சோப்பில் எந்தக் குறையும் தெரியாமல் போகலாம். தோலில் பட்டால்தான் எரியும்.

இரண்டாவது பிழை, முதல் முயற்சிதானே என்று மிகச் சிறிய அளவில் செய்வது. 200 கிராம் எண்ணெய்க்குச் சுமார் 25 கிராம் காஸ்டிக் சோடாதான் வரும். அதில் தராசு ஒரு கிராம் பிசகினால் 4 விழுக்காடு பிழையாகிவிடுகிறது. 127 கிராமில் அதே பிசகு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. போதிய ஆழம் இல்லாவிட்டால் பிளெண்டரின் தலை மூழ்காமல் காற்றையும் சேர்த்து அடிக்கும் என்பது இன்னொரு காரணம்.

எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றியாக வேண்டும். நுரை கூடுவதற்காக 800 கிராம் ஆலிவ் எண்ணெயோடு 200 கிராம் தேங்காய் எண்ணெய் சேர்ப்பது நல்ல வழக்கம். தேங்காய் எண்ணெய்க்கு ஒரு கிராமுக்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படுவதால், மொத்தம் 143.8 கிராம் வரும்; 5 விழுக்காடு குறைத்தால் 136 கிராம். பழைய 127 கிராமையே போட்டால் மிஞ்சும் எண்ணெய் 12 விழுக்காட்டை நெருங்கி, கட்டி கொழகொழப்பாகவும் விரைவில் சிக்கெடுப்பதாகவும் ஆகும்.

3. இடத்தையும் உங்களையும் ஆயத்தப்படுத்துதல்

சன்னல்கள் திறந்திருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வராத ஒரு மணி நேரம் உங்களுக்கு வேண்டும். மேடையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, அச்சில் காகிதம் விரிப்பது உட்பட எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிடுங்கள். கலவை பதத்துக்கு வந்த பிறகு காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தோலில் காரம் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். வினிகர் ஊற்றினால் சரியாகும் என்ற நம்பிக்கை தவறானது. அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் உண்டாவதால் புண் மேலும் மோசமாகலாம். கழுவுவதில் தாமதமும் ஏற்படும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து வைத்து நீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவ உதவியை நாட வேண்டும். கையுறையை மறக்காதவர்கள்கூடக் கண்ணாடியை விட்டுவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் அணிய முடியும் என்றொரு நிலை வந்தால், வேலையையே இன்னொரு நாளுக்குத் தள்ளி வையுங்கள்.

4. காரக் கரைசல் தயாரித்தல்

முதலில் தண்ணீர் குவளைக்குள் இருக்க வேண்டும். அதன்மேல் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது. காஸ்டிக் சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால், அடியிலிருக்கும் காரம் சிறிதளவு நீரை ஒரே நொடியில் கொதிக்கவைத்து மேலே பீய்ச்சியடிக்கும்.

கரையும்போது வெப்பநிலை 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அதனால் குளிர்ந்த நீரில் தொடங்குங்கள். முதல் ஓரிரு நிமிடங்களுக்கு எழும் ஆவி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். முகத்தைக் குவளைக்கு மேல் கொண்டுசெல்லாமல், கைகளை நீட்டிக் கலக்குங்கள். கலங்கலாக இருக்கும் கரைசல் சிறிது நேரத்தில் தெளியும். அடியில் கரையாத குருணை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது அப்படியே சோப்புக்குள் போய்விட்டால் அந்த இடம் மட்டும் காரக் கட்டியாக நிற்கும்.

தெளிந்த கரைசல் பார்வைக்கு வெறும் தண்ணீரைப் போலவே இருக்கும். அதன் பெரிய ஆபத்து இதுதான். குவளையில் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, ஆறும்வரை அதன் அருகிலேயே இருங்கள்.

5. வெப்பநிலையைப் பொருத்துதல்

எண்ணெயை மிதமான தீயில் 40 டிகிரி வரை சூடாக்கி இறக்குங்கள். காரக் கரைசலும் 35 முதல் 45 டிகிரிக்குள் ஆறியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும் என்று சிலர் அரை மணி நேரம் போராடுவார்கள். ஐந்து டிகிரி வேறுபாட்டால் எதுவும் கெடாது. மிகக் குளிர்ந்திருந்தால் ஏற்கெனவே மெதுவான வினை இன்னும் தாமதமாகும். மிகச் சூடாக இருந்தால் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் கூடுதலாகக் காயப்படுத்தும் என்பதோடு, அச்சில் கலவை அளவுமீறிச் சூடாகி வெடிப்பு விடவும் கூடும்.

6. கலக்குதல்: தடம் விழும் பதம் வரை

காரக் கரைசலை எண்ணெய்க்குள் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். பிளெண்டரைச் சாய்வாக உள்ளே இறக்கி, அதன் தலைக்குள் சிக்கியிருக்கும் காற்று வெளியேறும்படி இலேசாகத் தட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். சிக்கிய காற்று சோப்பில் சிறு துளைகளாக நிலைத்துவிடும்.

இருபது நொடி அடித்து, பின் ஒரு நிமிடம் பிளெண்டரை அணைத்தபடியே கரண்டியைப் போல் சுழற்றுங்கள். இப்படி மாறிமாறிச் செய்யும்போது கலவை ஒளிபுகாத வெளிர் மஞ்சளாகி, மெல்லக் கனக்கத் தொடங்கும். பிளெண்டரைத் தூக்கி அதிலிருந்து வடியும் துளியைக் கலவையின் மேல் விழவிடுங்கள். அது உடனே மூழ்காமல் கோடுபோல் சில நொடிகள் நின்றால், அதுவே தடம் விழும் பதம். நீர்த்த கூழைப் போன்ற அந்த நிலைக்குச் சற்று மேலாக, கெட்டியான கூழின் பதத்துக்குக் கொண்டுவந்தால் ஆலிவ் எண்ணெய்க்கு நல்லது.

வேறு எண்ணெய்களில் இரண்டு மூன்று நிமிடங்களில் வரும் பதம், ஆலிவ் எண்ணெயில் பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். கையால் மட்டும் கிளறினால் மணிக்கணக்கில் செல்லும். பொறுமை இழப்பவர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் பிளெண்டரை நிறுத்தாமல் ஓட்டி, மோட்டாரைச் சூடாக்கி, கலவையை நுரையால் நிரப்புகிறார்கள். வேறு சிலர் நிறம் மாறியதையே பதம் என்று கருதி ஊற்றிவிடுகிறார்கள். மறுநாள் அச்சில் எண்ணெய் மேலேயும் காரநீர் கீழேயுமாகப் பிரிந்து கிடக்கும். கிளறுவதை நிறுத்தும்போது மேற்பரப்பில் எண்ணெய்க் கோடுகள் பளபளத்தால் பதம் இன்னும் வரவில்லை என்று பொருள். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மீண்டும் தொடங்குங்கள். நீங்கள் அடிக்காமல் இருக்கும் நேரத்திலும் வினை நடந்துகொண்டே இருக்கிறது.

7. நறுமணம் சேர்ப்பது

விரும்பினால் பதம் வந்த பிறகு 20 முதல் 30 கிராம் லாவெண்டர் போன்ற நறுமண எண்ணெயைச் சேர்க்கலாம். கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் கலவையைத் திடீரென்று இறுக்குவதுடன் தோலையும் உறுத்தும் என்பதால் தொடக்கத்தில் தவிர்ப்பதே நல்லது. காய்கறி விழுதையும் பழச்சாற்றையும் சேர்க்கும் ஆசை பலருக்கு உண்டு. அவற்றிலுள்ள சர்க்கரை கலவையைச் சூடேற்றும், நிறம் பழுப்பாகும், விழுதின் திப்பிகள் கெட்டுப்போகும். முதல் முறை எதுவும் சேர்க்காமல் செய்து பார்த்தால்தான், அடுத்த முறை எதனால் என்ன மாறியது என்று புரியும்.

8. அச்சில் ஊற்றுதல்

மொத்தக் கலவை ஏறத்தாழ 1.35 கிலோ வரும், 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரமுள்ள அச்சு இதற்குப் போதும். ஊற்றியபின் அச்சை மேடையில் நான்கைந்து முறை தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மேலே காகிதம் மூடி, துண்டால் சுற்றி வையுங்கள். மூடாமல் விட்டால், மேற்பரப்பிலுள்ள காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெண்பொடியாகப் படியும். அது தீங்கற்றது, வெட்டும்போது சீவிவிடலாம்.

மறுநாள் நடுவில் மட்டும் கருமையான வட்டம் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். நடுப்பகுதி ஓரங்களைவிடச் சூடாகியதன் அடையாளம் அது, தரத்தில் குறையில்லை.

பாத்திரங்களை உடனே கழுவ முற்படாதீர்கள். ஒட்டியிருக்கும் கலவையைக் காகிதத்தால் வழித்துவிட்டு, எவர் கையும் படாத இடத்தில் ஒருநாள் வைத்தால், மிச்சம் தானே சோப்பாகிவிடும். பிறகு வெந்நீரே போதும்.

9. வெட்டுதல்

இந்த அளவில் இரண்டு முதல் நான்கு நாளில் கட்டி வெட்டும் பதத்துக்கு வரும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுமானால் இன்னும் ஒருநாள் பொறுங்கள். அவசரமாக எடுத்தால் ஓரங்கள் அச்சோடு பிய்ந்து வரும். இந்நிலையில் காரம் முழுமையாகத் தீர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கையுறையோடுதான் வெட்ட வேண்டும்.

10. சோதித்தலும் திருத்தலும்

வெட்டிய சில நாள்களுக்குப் பின், ஈரவிரலால் கட்டியைத் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் மிக இலேசாக வைத்து எடுங்கள். சோப்புச் சுவை மட்டும் தெரிந்தால் நல்லது. மின்கலத்தை நாக்கில் வைத்தது போலச் சுரீர் என்றால் காரம் மிஞ்சியிருக்கிறது. உடனே வாய் கொப்பளியுங்கள். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் அதைத் தோலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பி.எச். தாள் வைத்துப் பார்ப்பவர்கள், 9 அல்லது 10 காட்டுகிறதே என்று கலங்குவதுண்டு. நன்றாக அமைந்த சோப்பின் இயல்பான அளவே அதுதான். அதை 7-க்குக் கொண்டுவர எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்தால், சோப்பு மீண்டும் கொழுப்பு அமிலமாகச் சிதைந்துவிடும்.

காரம் மிஞ்சிய கட்டியை எறிய வேண்டியதில்லை. எங்கே தவறியது என்று தெரிந்தால் திருத்திவிடலாம். முன்பு சொன்ன ஒரு லிட்டர் பிழையில் குறைந்தது 85 கிராம் எண்ணெய். கட்டிகளைத் துருவி, சிறிது நீர் தெளித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் மிகக் குறைந்த தீயில் உருக்கி, அந்த 85 கிராமைச் சேர்த்துக் கிளறி அச்சில் அழுத்துங்கள். தோற்றம் கரடுமுரடாக இருக்கும். சோப்பு நல்லதாக இருக்கும். காரணம் தெரியாதபோது கண்ணளவில் எண்ணெய் சேர்க்காதீர்கள்.

11. உலர்த்தல்

ஊற்றியபோது மொத்த எடையில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது மெல்ல வெளியேற வேண்டும். அதோடு கட்டியின் உள்ளமைப்பும் படிப்படியாக இறுக வேண்டும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில், கம்பித் தட்டின்மேல் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, வாரம் ஒருமுறை திருப்பி வையுங்கள். துருப்பிடிக்கும் கம்பியாக இருந்தால் காகிதம் விரித்துக்கொள்ளுங்கள். இரும்பு பட்ட இடத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றிச் சிக்கு வாடை அடிக்கும்.

ஆறு வாரத்தில் பயன்படுத்தலாம் என்பது பிற சோப்புகளுக்குப் பொருந்தும். ஆலிவ் எண்ணெய்ச் சோப்பை அந்த வயதில் எடுத்தால், நுரைக்குப் பதில் வழவழப்பான இழைகள் கையில் படரும்; சில குளியலிலேயே கரைந்தும் போகும். இந்த நிலையில் ஏமாந்து, இனிச் செய்யவே வேண்டாம் என்று விட்டவர்களை அறிவேன். ஆறு மாதம் காத்திருங்கள். ஓராண்டு வைத்தால் இன்னும் கெட்டியாக, மென்மையான நுரையோடு அமையும். வழவழப்பு குறையுமே தவிர முற்றிலும் மறையாது. அது இந்த எண்ணெயின் குணம். அவ்வளவு காலம் முடியாது என்பவர்கள், மேலே சொன்ன தேங்காய் எண்ணெய் கலந்த அளவைப் பின்பற்றி இரண்டு மாதத்தில் பயன்படுத்தலாம்.

காகிதத் துண்டில் செய்த தேதியையும் அளவையும் எழுதிக் கட்டிகளோடு வையுங்கள். ஒரு கட்டியை மட்டும் வாரந்தோறும் எடை போட்டுக் குறித்து வந்தால், தொடர்ந்து மூன்று வாரம் எடை குறையாதபோது நீர் பெரும்பாலும் வெளியேறிவிட்டது என்று அறியலாம். பயன்படுத்தத் தொடங்கிய கட்டியை நீர் தேங்காத, அடியில் துளையுள்ள தட்டில் வைக்க வேண்டும். தேங்கிய நீரில் ஒருநாள் கிடந்தாலே அதன் அடிப்பகுதி மீண்டும் கூழாகிவிடும்.